ரேடியோ நன்றாக இருக்கிறது, செய்தி மட்டும் வரவில்லை: குழுத் திறப்புச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

வன்னியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே போகப் போக போன் கவரேஜ் மெலிந்துகொண்டே போகும். காட்டோர வயலில் யானைக் காவல் இருப்பவர்களுக்கும் வாய்க்காலில் தண்ணீர் பார்ப்பவர்களுக்கும் ஒருவரையொருவர் கூப்பிடக் கோடு இல்லாத இடங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கைக்கடக்கமான லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் அலைமுறை) நல்லது. மெஷ்டாஸ்டிக் மென்பொருள் போட்டு, புளூடூத் வழியே போனோடு இணைத்தால், சிம்மும் இணையமும் இல்லாமல் குழுவுக்குள் செய்தி அனுப்பலாம். ஒரு ரேடியோ சொன்னதை அடுத்த ரேடியோ வாங்கித் திருப்பிச் சொல்லும். அலைவரிசைக்கும் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதை முடித்துக்கொண்டுதான் மிச்சம்.

செய்தி வராவிட்டால் எல்லோரும் முதலில் அன்ரனாவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கம்பத்தில் ஏறுகிறார்கள், வயரைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் குற்றம் திறப்பில்தான் இருக்கும்: ஒருவரிடம் புதியது, இன்னொருவரிடம் பழையது. திறப்பு என்று நான் சொல்வது குழுவின் குறியாக்கத் திறப்பை, அதாவது செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் இரகசியக் கோவையை. சேனலில் உள்ள எல்லோரிடமும் அது ஒன்றே இருக்க வேண்டும், வெளியே ஒருவரிடமும் இருக்கக் கூடாது. யாரிடம் எந்தத் திறப்பு இருக்கிறது என்ற கணக்கைச் சரியாக வைத்திருந்தால் கீழே உள்ளதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

ஏணி எடுக்க முன்

அனுப்பியவரின் போனைப் பாருங்கள், பெற வேண்டியவரின் போனை அல்ல. குழுச் சேனலில் ஒரு செய்தி அனுப்பினால் அதன் பக்கத்தில் சிறு அடையாளம் ஒன்று வரும். மேகமும் சரி அடையாளமும் வந்தால், யாரோ ஒரு ரேடியோ உங்கள் செய்தியைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை உங்கள் ரேடியோவும் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் அன்ரனா, பற்றரி, அலைவரிசை எல்லாம் சரி. திறப்பைச் சோதியுங்கள். ‘மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிஷன்’ என்ற பிழை வந்தால் ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. அது ரேடியோப் பிரச்சினை. அப்போது தாராளமாகக் கம்பத்தில் ஏறலாம்.

இந்த அடையாளத்தைப் பலர் ‘ஆள் வாசித்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வில்லங்கம்.

சரி அடையாளம் விழுகிறது, ஆனால் ஒருவருக்கும் செய்தி இல்லை

“அண்ணை, நான் அனுப்பினது வந்ததோ? எனக்கு டிக் விழுந்திட்டுது.”

“இல்லைத் தம்பி, இங்க ஒண்டும் வரேல்லை.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்த வலையில் ஒரு ரேடியோ தன்னால் திறக்க முடியாத செய்தியையும் அப்படியே திருப்பி அனுப்பும். யார் அனுப்பியது, யாருக்கு, செய்தி எண் என்ன, இன்னும் எத்தனை தாவல் (ரேடியோ விட்டு ரேடியோ பாய்தல்) மிச்சம் என்பவை செய்தியின் தலைப்பில் மறைக்கப்படாமல் இருக்கும். உள்ளே இருப்பதுதான் பூட்டியிருக்கும். ஆகவே திறப்பே இல்லாத ரேடியோகூட உங்கள் செய்தியைச் சுமந்து போகும், உங்களுக்குச் சரி அடையாளமும் விழும். பெற வேண்டியவரின் ரேடியோ எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கும் செய்தி போய்ச் சேரும். திறக்க முடியாததால் அது திரையில் ஒன்றும் காட்டாது. பிழைச் செய்திகூட வராது. இந்த மௌனம்தான் ஆளைக் குழப்புகிறது.

இப்போது இரண்டு பேரின் போனையும் பக்கத்தில் வைத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, சேனலின் பெயர். பெயர் வெறும் அலங்காரம் இல்லை. எந்தச் சேனல் செய்தி என்று ரேடியோ கண்டுபிடிப்பது ஒரு பைட் அளவான சிறு அடையாள எண்ணால். அந்த எண் பெயரையும் திறப்பையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. திறப்பு அச்சொட்டாக ஒன்றாயிருந்தாலும், ஆங்கிலப் பெயரில் ஒருவர் பெரிய எழுத்திலும் மற்றவர் சிறிய எழுத்திலும் தொடங்கியிருந்தால் எண் மாறிவிடும். பெயரின் கடைசியில் போன் தானாகவே போட்ட ஓர் இடைவெளியும் அதே வேலையைச் செய்யும், கண்ணுக்கும் தெரியாது.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு இன்னொன்று. சேனல் பெயருக்கு 11 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு வேறு, அதன் குறிக்கு வேறு. ‘யானை’ என்று வைக்கப் பார்த்தால் ய, கால், ன, ஐகாரக் குறி, மொத்தம் நான்கு, 12 பைட். அடங்காது. ‘மடு’ 9 பைட், அடங்கும். பின்னால் ஓர் இலக்கம் போட்டு ‘மடு3’ என்றாலும் 10 பைட்தான். செய்திக்கும் இந்தக் கணக்கு உண்டு: ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட் என்றால், தமிழில் அறுபத்தைந்து குறிக்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். யானைக் காவலுக்கு அது போதும், மாமன் மச்சான் சண்டைக்குப் போதாது.

இரண்டு, திறப்பு. 32 பைட் (256 பிட்) திறப்பைச் செயலி 44 எழுத்துக் கோவையாகக் காட்டும். முழுவதையும் வாசித்து ஒப்பிடத் தேவையில்லை. முதல் நான்கு எழுத்தை மட்டும் ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கட்டும். அவ்வளவை யாராவது ஒட்டுக்கேட்டாலும் பாதிப்பில்லை, மிச்சம் 232 பிட் இருக்கிறது. முழுத் திறப்பையும் போனில் வாசித்துக் காட்டுவது மட்டும் வேண்டாம்.

மூன்று, திறப்பின் இடத்தில் ‘ஏகியூ’ என்று தொடங்கி இரண்டு சமக்குறியோடு முடியும் நான்கு எழுத்துக் குட்டிக் கோவை இருக்கிறதா என்று பாருங்கள். அது மென்பொருளோடு வரும் இயல்புத் திறப்பு. உலகத்தில் எல்லோரிடமும் உள்ளது. ஒருவரின் ரேடியோ ஏதோ காரணத்தால் பழைய நிலைக்குப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம்.

சொற்றொடரைத் தட்டச்சுச் செய்து அதிலிருந்து திறப்பு உண்டாக்கும் வேறு செயலிகளைப் பாவிப்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரு விசைப்பலகை க-வும் ஒரே ஒகரக் குறியுமாகச் சேமிக்கும். இன்னொன்று க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகச் சேமிக்கக் கூடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட் வேறு, ஆகவே திறப்பும் வேறாகப் போகலாம். சொற்றொடர் தமிழில்தான் வேண்டும் என்றால் ஒகர ஓகார ஔகாரம் வராத சொற்களாக எடுங்கள்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை, போன கிழமை வரை வந்தது

ஆள் எங்கே போயிருந்தார் என்று கேளுங்கள். மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், ரேடியோவை அணைத்து வீட்டில் வைத்துவிட்டிருப்பார். அந்த இடைவெளியில் நீங்கள் திறப்பை மாற்றியிருப்பீர்கள். நடமாடும் குழுவில் இது வராமல் இருக்காது. திறப்பு மாறும் நேரத்தில் எல்லோரும் தொடர்பில் இருப்பது அபூர்வம்.

நேரில் பிடித்து, செயலியில் வரும் கியூஆர் படத்தைக் காட்டிப் புதிய திறப்பைக் கொடுங்கள், முடிந்தது. திரும்பத் திரும்ப நடந்தால் பெயரில் இலக்கம் போடும் பழக்கம் உதவும். ‘மடு3’ இல் இருப்பவர் குழு ‘மடு4’ க்குப் போய்விட்டது என்று கேட்டவுடனே விளங்கிக்கொள்வார்.

பழைய சேனலை இரண்டாம் இடத்தில் ஒரு கிழமை விட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். ஒருவர் நல்லபடியாக விலகிப் போயிருந்தாலோ, வழக்கமான பருவ மாற்றமாக இருந்தாலோ வைக்கலாம், ‘வந்து புதிய திறப்பை வாங்கு’ என்ற ஒரு செய்திக்காக மட்டும். ரேடியோ தொலைந்ததால் மாற்றியிருந்தால் ஒரு மணித்தியாலம்கூட வைக்காதீர்கள். யாராவது பழைய சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதிலேயே முக்கியமான விஷயத்தை அனுப்பிவிடுவார்.

ரேடியோ ஒன்று தொலைந்துவிட்டது, அல்லது ஒருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்

இதுதான் பெரிய வேலை, ஆறுதலாக வாசியுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் ஒருவர் விலகினால் மற்றவர்களின் போன்கள் பழைய அனுப்புத் திறப்புகளைக் கைவிட்டுப் புதியவற்றைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொள்கின்றன. லோரா ரேடியோவில் அந்தத் தானியங்கி வேலை கிடையாது. குழுச் சேனலுக்குத் திறப்பு வழங்கும் மையம் நீங்கள்தான். தொலைந்த ரேடியோவை எடுத்தவர் அதைக் கணினியில் கேபிளால் பொருத்தினால் திறப்பை வாசித்துவிடலாம். பூட்டிய போனைப் போல அது தன்னைக் காத்துக்கொள்ளாது.

ஆகவே திறப்பை மாற்ற வேண்டும். புதிய திறப்பைப் பழைய சேனலிலேயே அனுப்பிவிடுவதுதான் இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது தொலைந்த ரேடியோவுக்கும் சேர்த்து அனுப்புவதுதான்! அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாக அனுப்பலாம். தனிச் செய்தி அந்த ஆளின் சொந்தத் திறப்புச் சோடியால் (பூட்ட ஒன்று, திறக்க ஒன்று) பூட்டப்படும், மற்றவர் திறக்க முடியாது. உங்களுடையது தவிர 24 ரேடியோ இருந்து ஒன்று தொலைந்தால் 23 தனிச் செய்தி. ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவான இந்த அலைவரிசையில் அது ஒரு பின்னேர வேலை.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது குழு தொடங்கும்போதே போட்டு வைத்திருக்க வேண்டியது. இரணைமடுக் குளத்தின் கீழ் இருப்பவர்களுக்கு விளங்கும்: இடதுகரை, வலதுகரை, அதன் கீழ் கிளை வாய்க்கால். தண்ணீர் எப்படிப் பிரிகிறதோ அப்படியே திறப்பையும் பிரியுங்கள். எல்லோருக்கும் ஒரு பொதுச் சேனல். அதோடு ஒவ்வொரு கிளைக்கும் தனியாக ஒரு சேனல். மேலே சொன்ன 24 ரேடியோவை ஆறு ஆறாக நான்கு கிளையாக்கினால் ஒருவரிடம் இரண்டு திறப்புத்தான் இருக்கும்: பொதுத் திறப்பும் தன் கிளைத் திறப்பும். ரேடியோவில் எட்டுச் சேனலுக்கு இடம் உண்டு, ஆகவே நெருக்கடி இல்லை.

இப்போது ஒரு கிளையில் ஒரு ரேடியோ தொலைகிறது. அதனிடம் பொதுத் திறப்பும் அந்தக் கிளைத் திறப்பும் இருந்தன. மற்ற மூன்று கிளைத் திறப்புகள் அதற்குத் தெரியாது. ஆகவே:

புதிய பொதுத் திறப்பையும், பாதிக்கப்பட்ட கிளைக்குப் புதிய கிளைத் திறப்பையும் உண்டாக்குங்கள். செயலியில் தற்செயலாகத் திறப்பு உண்டாக்கும் பொத்தான் இருக்கிறது, அதையே அழுத்துங்கள். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் என்று மூளையைப் பாவிக்க வேண்டாம்.

புதிய பொதுத் திறப்பின் இணைப்பை மற்ற மூன்று கிளைச் சேனலிலும் ஒவ்வொரு முறை போடுங்கள். அதற்கு அந்தந்தக் கிளைத் திறப்பு உங்கள் ரேடியோவிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளைக்கு ஒரு பொறுப்பாளரிடம் தனிச் செய்தியில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். மூன்று செய்தியில் 18 பேருக்குச் சேர்ந்துவிடும். தொலைந்த ரேடியோ அதைக் காற்றில் கேட்கும், திறக்க முடியாது.

பாதிக்கப்பட்ட கிளையில் மிச்சமிருக்கும் ஐந்து பேருக்கும் தனிச் செய்தி. இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துப் போய் நேரில் கியூஆர் காட்டுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ரேடியோ யார் கையில் இருக்கிறது என்றும் அப்போது தெரிந்துவிடும்.

23 செய்தி எட்டாகக் குறைந்துவிட்டது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. குழுத் திறப்பை மரமாக அடுக்கும் இந்த முறை 1990களின் கடைசியில் எழுதப்பட்டது. 1999 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2627 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதை விவரிக்கிறது. கிளையை இரண்டிரண்டாகவே பிரித்துக்கொண்டு போனால் 1024 பேர் உள்ள குழுவில் ஒருவரை வெளியேற்ற ஆயிரத்துச் சொச்சம் செய்திக்குப் பதில் சுமார் 20 போதும். 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9420 ஆக வந்த எம்எல்எஸ் என்ற, குழுச் செய்திக்கான புதிய நெறிமுறையும் மரத்தைத்தான் பாவிக்கிறது, திறப்பைப் பங்கிடும் விதம் வேறு. நமக்கு இரண்டு தட்டு போதும்.

வரிசையும் முக்கியம். புதிய சேனலைச் சேர்த்து, ஒவ்வொருவரும் அதில் ‘வந்தது’ என்று ஒரு சொல் போட்ட பிறகுதான் பழையதை அழிக்கச் சொல்லுங்கள். முதலில் அழித்தவரோடு கதைக்க வழி இருக்காது. திறப்பு அனுப்பிய செய்திகளைப் போனிலிருந்து அழியுங்கள். தொலைந்த ரேடியோவை ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலில் புறக்கணிக்கப்பட்டதாகக் குறிக்க வேண்டும். அதன் சொந்தத் திறப்புச் சோடி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எடுத்தவர் அந்த ஆளாக நின்று தனிச் செய்தி அனுப்பலாம்.

ஒன்று மட்டும் திரும்ப வராது. பழைய திறப்பில் அனுப்பிய செய்திகளை யாராவது காற்றிலிருந்து பதிந்து வைத்திருந்தால், திறப்புக் கிடைத்தவுடன் அவ்வளவையும் வாசித்துவிடலாம். அதனால்தான் தொலையாவிட்டாலும் இடைக்கிடை மாற்ற வேண்டும். எவ்வளவுக்கு ஒருமுறை என்று கேட்டால், போகத்துக்கு ஒருமுறை என்பேன். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள். ரேடியோவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்பவர், விலகுபவர் எல்லோரையும் சேர்த்து ஒரே மாற்றமாக முடித்துவிடலாம். ஒவ்வொருவர் சேரும்போதும் மாற்றிக்கொண்டிருந்தால் சனம் அலுத்துப்போய் ஒரே திறப்பிலேயே நின்றுவிடும். சேர்பவர் பழைய செய்தியை வாசித்தால் உண்மையிலேயே தீங்கு வரும் என்ற குழுவுக்கு மட்டும் அது தேவை.

நாங்கள் சேர்க்காத ஒருவர் சேனலில் இருக்கிறார்

முதல் சந்தேகம் கியூஆர் படம். அதை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால், இப்போது அது எத்தனை பேரின் போன் கலரியில் இருக்கிறதோ தெரியாது. பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில் அச்சடித்து ஒட்டிய குழுவும் இருக்கிறது. கியூஆர் என்பது திறப்பின் படம் இல்லை, திறப்பேதான்.

இரண்டாவது, புளூடூத். திரை இல்லாத ரேடியோக்களில் இணைக்கும் இலக்கம் 123456 என்றே வரும். மாற்றாமல் விட்டால் தேத்தண்ணீர்க் கடையில் பக்கத்து மேசையில் இருப்பவரும் இணைத்துத் திறப்பை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, குளக்கட்டிலோ தண்ணீர்த் தாங்கியிலோ சோலர் பலகையோடு ஆளில்லாமல் நிற்கும் ரிப்பீட்டர், அதாவது செய்தியைத் திருப்பிச் சொல்லவென்று வைத்த ரேடியோ. அதைக் கழற்றிக்கொண்டு போக ஒரு குறடு போதும். நல்ல சேதி என்னவென்றால் அதற்குக் குழுத் திறப்பே வேண்டாம். முன்னே சொன்னதுபோல் திறக்க முடியாததையும் அது சுமக்கும். ரீஜியன் (நாட்டுக்கான அலைவரிசைத் தெரிவு), வேக அமைப்பு, அலைவரிசை இலக்கம் மூன்றும் குழுவோடு ஒத்திருந்தால் போதும். அதன் பற்றரி நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் பராமரிப்புக்கென்று வேறொரு சேனலும் வேறொரு திறப்பும் போடுங்கள். இருக்கும் ரிப்பீட்டரில் குழுத் திறப்பு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

எந்த வழியாகப் போனது என்று தெரியாவிட்டாலும், திறப்பு வெளியே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் வயல் இணைய வரைபடத்தில் தெரிகிறது

யாரோ ஒருவரின் ரேடியோ எம்கியூடிடி என்ற இணையச் செய்திப் பாலம் வழியாக இணையத்துக்குச் செய்தி ஏற்றுகிறது, முதலாம் சேனலிலும் மென்பொருளோடு வந்த இயல்புத் திறப்பே இருக்கிறது. சேனல் அமைப்பில் அப்லிங்க் (இணையத்துக்கு ஏற்றல்), டவுன்லிங்க் (இணையத்திலிருந்து இறக்கல்) இரண்டையும் அணையுங்கள், சொந்தத் திறப்புப் போடுங்கள், இருப்பிடத்தின் துல்லியத்தைக் குறையுங்கள் அல்லது இருப்பிடம் அனுப்புவதையே நிறுத்துங்கள். யார் வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தால் போதும்.

தனிச் செய்தி போகவில்லை, பெயருக்குப் பக்கத்தில் சிவப்புத் திறப்பு

தனிச் செய்திக்கு 2024 இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து ஆளுக்கொரு திறப்புச் சோடி. பச்சைப் பூட்டு என்றால் அந்த முறையில் போகிறது. மஞ்சள் திறந்த பூட்டு என்றால் சேனல் திறப்பில் போகிறது, குழுவில் மற்றவர்களும் வாசிக்கலாம். சிவப்புத் திறப்பு என்றால் அந்த ஆளின் திறப்பு நீங்கள் முன்பு வைத்திருந்ததோடு ஒத்துவரவில்லை.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது முழுவதும் அழித்து ஏற்றியிருப்பார், புதிய சோடி உண்டாகியிருக்கும். ஆனால் வேறொருவர் அவர் பெயரில் நின்றாலும் இதே சிவப்புத்தான் வரும். ஆகவே உடனே பழைய பதிவை அழித்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆளை நேரில் கண்டோ, குரல் தெரிந்த அழைப்பிலோ, “ரேடியோவை அழிச்சுப் போட்டனீங்களோ?” என்று கேளுங்கள். ஓம் என்றால் பட்டியலிலிருந்து அவரை நீக்கிவிட்டு மறுபடி சேர விடுங்கள்.

இதோடு சேர்த்து மென்பொருள் பதிப்பையும் பாருங்கள். 2.6.11 க்கு முந்திய பதிப்புகளில், சில விற்பனையாளர்கள் ஏற்றி அனுப்பிய கருவிகளில் ஒரே திறப்புச் சோடி பல ரேடியோக்களில் இருந்தது 2025 இல் வெளிவந்தது. ஒரே கடையில் மொத்தமாக வாங்கிய குழு கட்டாயம் புதுப்பிக்க வேண்டும்.

‘சேனல் இல்லை’ என்ற பிழை வந்தால் கதை வேறு. செய்தி போய்ச் சேர்ந்தது, அவரால் திறக்க முடியவில்லை. மேலே சொன்ன பெயர், திறப்புச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

தலைவர் அனுப்பாத செய்தி தலைவர் பெயரில் வருகிறது

குழுச் சேனல் ‘வெளியாள் வாசிக்க முடியாது’ என்று மட்டும்தான் உறுதி தருகிறது. ‘இன்னார்தான் எழுதினார்’ என்று சொல்வதில்லை. திறப்பு உள்ள எவரும் எந்தப் பெயரும் போட்டுக்கொள்ளலாம். பம்பலுக்கு யாராவது செய்திருக்கலாம். ஆனால் குளத்து வான் கதவு திறக்கிறார்கள் என்ற செய்தி பம்பல் இல்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. உயிரோடும் பயிரோடும் சம்பந்தப்பட்ட செய்தியைச் சேனலில் கண்டால், அனுப்பியவருக்குப் பச்சைப் பூட்டோடு ஒரு தனிச் செய்தி போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று குழுவில் விதி வையுங்கள். வெள்ள அறிவித்தலை மறைத்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்பதும் என் எண்ணம். அது எல்லோர் காதிலும் விழ வேண்டியது.

பெயரை மட்டும்தான் மாற்றினேன், முழு வலையும் செத்துப்போனது

முதலாம் சேனலின் பெயரை மாற்றியிருப்பீர்கள். அலைவரிசை இலக்கம் சுழியத்தில் இருந்தால், எந்த இடத்தில் ஒலிபரப்புவது என்பதை ரேடியோ அந்தப் பெயரிலிருந்துதான் கணிக்கிறது. பெயர் மாறினால் அலைவரிசையும் தாவிவிடும், ரிப்பீட்டர் பழைய இடத்திலேயே நிற்கும். இங்கே சரி அடையாளமும் விழாது. எல்லா ரேடியோவிலும் அலைவரிசை இலக்கத்தைக் கையால் ஒன்றாகப் போட்டுவிட்டு, அதன் பிறகு பெயரில் இலக்கம் கூட்டுங்கள். இரண்டாம் இடத்திலிருந்து வரும் சேனல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு ரேடியோவில் வேறு வேறு இடத்தில் இருந்தாலும் வேலை செய்யும்.

கியூஆர் பிடித்தவுடன் மற்றச் சேனல் எல்லாம் காணாமல் போனால், ‘சேர்’ என்பதற்குப் பதில் ‘மாற்று’ என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். கிளைத் திறப்பை மறுபடி வாங்க வேண்டியதுதான்.

அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர் ரேடியோவில் அந்த உரிமத்துக்கான தெரிவை இயக்கியிருந்தால் குறியாக்கம் முழுவதும் நின்றுவிடும். அந்த ரேடியோ குழுவோடு சேராது. அணைக்கச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் ‘இந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது’

கவரேஜ் உள்ள பக்கம் குழு வட்ஸ்அப்பில்தான் நடக்கும், அங்கும் இதே நோய் வேறு உருவில் வரும். அனுப்பியவரின் போன் தன் அனுப்புத் திறப்பை ஒவ்வொருவரின் கருவிக்கும் தனித்தனியாகக் கொடுத்த பிறகுதான் குழுச் செய்தி திறபடும். ஒருவர் செயலியை அழித்து மறுபடி போட்டிருந்தால் பழைய திறப்பு அவருக்கு உதவாது. அனுப்பியவர் வட்ஸ்அப்பைத் திறந்து இணையத்தில் வந்தால் சாதாரணமாகத் தானே சரியாகும். அவசரமென்றால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேரும் செயலியைப் புதுப்பியுங்கள். பொறுமை இழந்து நீங்களும் அழித்து மறுபடி போட்டால், உங்கள் திறப்பும் மாறி, குழுவில் பாதுகாப்பு அறிவிப்பை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு ‘பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது’ என்று அறிவிப்புப் போகும்.

அந்த அறிவிப்பு வந்தால் முன்னே சிவப்புத் திறப்புக்குச் சொன்னதையே செய்யுங்கள்: போன் மாற்றினாரா என்று ஆளைக் கேளுங்கள், சந்தேகமென்றால் 60 இலக்கக் குறியீட்டை ஒப்பிடுங்கள். பழைய சிம்மைக் கைவிட்டவரின் இலக்கத்தைக் குழுவிலிருந்து நீக்குங்கள். அந்த இலக்கம் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகலாம்.